கொடுப்பதும் கழிப்பதும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாசி மாதம் நடந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கார்த்திகைத் தீபத்தை ஒட்டி வந்து அறை எடுத்துத் தங்கியவர்கள் வெயில் ஏறத் தொடங்கியதும் ஊர் திரும்புவார்கள். அவர்கள் குடியிருந்த வீட்டு வாசல்களில் வாளி, கோரைப்பாய், கொசுவலை, பாதி தீர்ந்த பருப்பு டப்பா எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். "வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்" என்று விட்டுப்போன சாமான்கள். வீணாக்காமல் பிறருக்குக் கொடுப்பது நல்ல காரியம்தானே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு நாவலை முடிப்பதற்காக அங்கே நான்கு மாதம் தங்கியிருந்தேன். காலி செய்யும்போது என் பழைய மிக்ஸியை, வீட்டு வேலை செய்த அம்மாளிடம் கொடுத்தேன். அது சில நாட்களாகவே கருகல் நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். "நன்றாக ஓடும் அம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அடுத்த வருஷம் போனபோது அந்த அம்மாள் கோபமில்லாமல் சொன்னாள்: "காயில் எரிஞ்சு போச்சுன்னு கடைக்காரன் அறுநூறு ரூபா கேட்டான் ஐயா. நீங்க குப்பைன்னு சொல்லிக் குடுத்திருந்தா அன்னிக்கே காயலான் கடையிலே போட்டிருப்பேன். நல்லதுன்னு சொன்னீங்க. ரெண்டு தடவை பஸ்ஸுக்குக் குடுத்து டவுனுக்குத் தூக்கிக்கிட்டுப் போனேன்."

என் வீட்டுக் குப்பையை அவள் வீட்டுக்கு மாற்றியிருக்கிறேன். அதற்குத் தானம் என்று பெயர் வைத்திருக்கிறேன்!

இந்த உறுத்தலோடுதான் சூரி நாகம்மாவின் ரமணாசிரமக் கடிதங்களை இரண்டாம் முறை படித்தேன். இளம் வயதிலேயே விதவையான நாகம்மா 1941ல் ஆசிரமத்துக்கு வந்தவர். 1945ல் தொடங்கித் தம் அண்ணா டி. எஸ். சாஸ்திரிக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள் இவை. அண்ணாவே பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பக்தி நூல் என்று அலமாரியில் வைத்துவிடுகிறோம். வீட்டுச் சாமான்களைப் பற்றி, அவற்றை எப்படி மதிப்பது என்பது பற்றி, இவ்வளவு நுட்பமாகப் பார்த்த உரைநடை நம் நாவல்களிலேயே குறைவு என்பது என் அபிப்பிராயம்.

அச்சுத்தாளில் எழுதாமல் விட்ட ஓரங்களைக் கத்தரித்துச் சேர்த்து, தைத்து, சின்ன நோட்டுப் புத்தகம் செய்கிற ரமணரை இதிலே பார்க்கிறோம். கொட்டாங்கச்சியை இழைத்து வழவழப்பாக்கிக் கிண்ணமாக்குவதும், துணி கிழிந்தால் முள்ளையே ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூல் உருவித் தைத்துக்கொள்வதும் அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் செய்திகள். இவற்றைச் சிக்கனம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் சிக்கனம் என்பது தனக்காக மிச்சம் பிடிப்பது. இங்கே மிச்சம் பிடிப்பவருக்கு மிச்சத்தால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

இதே மனிதர் பதினாறு வயதில் என்ன செய்தார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பி. வி. நரசிம்ம சுவாமி 1931ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அதைச் சொல்கிறது. 1896 செப்டம்பர் 1ந் தேதி திருவண்ணாமலைக்கு வந்த அந்தப் பையன், வழியில் கீழூரில் ஒரு வீட்டார் அன்போடு கொடுத்த பலகாரப் பொட்டலத்தை அய்யங்குளத்தில் எறிந்தான். கடுக்கனை அடகு வைத்து வாங்கிய நான்கு ரூபாயில் மீதி இருந்ததையும் எறிந்தான். வேட்டியைக் கிழித்துக் கோவணம் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டெறிந்தான்.

அன்று பலகாரத்தைக் குளத்தில் போட்டவர், பின்னாளில் ஒரு காகிதத் துண்டுக்காகக் குனிகிறார். இது முரண் அல்லவா? எனக்கு முதலில் அப்படித்தான் பட்டது. யோசித்தால் வேறாகத் தெரிகிறது. எறிந்தபோது அவர் தன் உடைமையை விட்டார். பொறுக்கியபோது, யாருடைய உடைமையும் அல்லாத பொருளுக்கு உரிய மரியாதையைச் செய்தார். 'என்னுடையது' என்பது போனபிறகுதான் பொருள் கண்ணுக்குத் தெரிகிறதோ என்னவோ! நம் கதை நேர் எதிர். பொருள் சலித்துப்போகிறது, 'என்னுடையது' மட்டும் போவதில்லை. அதனால்தான் கொடுத்த பிறகும் நன்றியை எதிர்பார்த்து நிற்கிறோம்.

நாகம்மாவின் எழுத்தில் குறை இல்லாமல் இல்லை. நிகழ்ச்சி தானே பேசிவிட்ட இடத்திலும் பக்தி மேலிட்டுச் சில சமயம் பொருள் சொல்லப் புகுந்துவிடுகிறார். ஆசிரமத்துக்கு வெளியே உள்ள ஏழைகள் அவர் பக்கங்களில் அதிகம் தங்குவதில்லை, வந்து போகிறார்கள். ஆனால் ஒரு கடிதத்துக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். பலன் கருதாத செயல் எப்படி என்று ஒருவர் கேட்கிறார். ரமணர் பதில் சொல்லவில்லை. மலையில் ஒரு முட்கிளையை எடுத்து, முள்ளைச் சீவி, கணுவை இழைத்து, சொரசொரப்பான இலையால் தேய்த்து, மணிக்கணக்காக உட்கார்ந்து ஒரு கோலாக்குகிறார். அப்போது கோலைத் தொலைத்துவிட்டு ஓர் இடைப் பையன் வருகிறான். கோல் அவன் கைக்குப் போகிறது. கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இது நாகம்மா நேரில் கண்டதல்ல. தாம் வருவதற்கு முன் நடந்ததைக் கேட்டு எழுதியது. ஆனாலும் முள், கணு, இலை ஒன்றையும் விடவில்லை. தேர்ந்த கதாசிரியருக்கு வேண்டிய நிதானம் அது. அவசரக்காரர் கொடுத்ததோடு கதையை முடித்திருப்பார். நாகம்மாவுக்கு, கொடுப்பதற்கு முன் நடந்த உழைப்புதான் கதை. முள்ளோடு கொடுத்திருந்தாலும் பையன் வாங்கியிருப்பான். ஏழை எதையும் வாங்கிக்கொள்வான் என்று நாம் நினைப்பதுபோல.

விமரிசனம் என்று ஆரம்பித்து என்னைப் பற்றியே எழுதிவிட்டேன். அந்த அம்மாளுக்கு மிக்ஸி ரிப்பேருக்கான பணத்தைக் கொடுத்தேன். அது பரிகாரம் அல்ல, கடன். இந்த வருஷம் வீட்டில் பழைய சட்டைகள் ஐந்தை எடுத்து வைத்தோம். காலர் நைந்த ஒன்றைக் கொடுப்பதற்கில்லை, கைப்பிடித் துணியாக்கிக்கொண்டேன். மற்ற நான்கிலும் பொத்தான் இல்லாத இடங்களில் பொத்தான் தைத்தேன். எனக்குத் தையல் வராது. ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று, விரலில் இரண்டு இடத்தில் ஊசி ஏறிற்று. அன்று எழுத வேண்டிய அத்தியாயம் எழுதவில்லை. அதைப் பற்றி வருத்தமும் இல்லை.