சராசரிக்குள் மறைந்த காஞ்சிபுரம்

மனநோயாளிக்கு வீடு தேடி வரும் உதவி பயன் தருகிறதா? இக்கேள்வியைச் சோதனை மூலம் ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2014-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. நான் இயற்பியல் கற்பிப்பவன். மருத்துவம் என் துறை அன்று. ஆயினும் இதைப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. செய்முறை வகுப்பு முடிந்த ஒரு மாலையில் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "சார், அண்ணனுக்கு மனச்சிதைவு நோய்னு டாக்டர் சொல்லிட்டார். ஆஸ்பத்திரியிலேயே வெச்சிருந்தாத்தான் சரியாகுமா? வீட்டில் வெச்சுப் பார்க்க முடியாதா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தேடியபோது அகப்பட்டதே இவ்வறிக்கை.

சோதனை நடந்த இடங்கள் மூன்று: கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, நம் காஞ்சிபுரம். மனச்சிதைவு நோயாளிகள் 282 பேர் இதில் சேர்ந்தனர். 187 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையுடன், வீட்டுக்கு வரும் பணியாளரின் உதவியும் கிடைத்தது. மீதி 95 பேருக்குச் சிகிச்சை மட்டும். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர். இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று பார்ப்பது, நோயைப் பற்றிக் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்வது, அன்றாட வேலைகளுக்கு மெல்ல மெல்லப் பழக்குவது ஆகியவை அவர்கள் பணி.

ஓராண்டு கழித்து அளந்தார்கள். அளவுகோலின் பெயர் 'பான்ஸ்'. நோய்க்குறிகள் 30, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கூட்டினால் மிகக் குறைந்த எண் 30, மிக உயர்ந்தது 210. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நோய்க்குறி எதுவுமே இல்லாதவருக்கும் இந்தக் கோல் 30 என்றே காட்டும்! 80 பெற்றவர் 64-க்கு இறங்கினால் 20 விழுக்காடு குறைவு என்று சொல்லத் தோன்றும். முப்பதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 50 என்பது 34 ஆகியிருக்கிறது. குறைவு 32 விழுக்காடு. 40 டிகிரி செல்சியஸ் என்பது 20 டிகிரியைப் போல் இரு மடங்கு வெப்பநிலை என்று எழுதும் மாணவனை நாம் திருத்துகிறோம் அல்லவா? அதே பிழைதான். மனநோய்ச் சிகிச்சை பற்றி விழுக்காட்டில் எதைப் படித்தாலும், எந்தச் சுழியிலிருந்து அளந்தார்கள் என்று கேளுங்கள்.

முடிவுக்கு வருவோம். மூன்று இடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், வீட்டு உதவி பெற்றவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிட 3.75 குறைவு. உதவியால் பயனே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தோன்ற நூற்றுக்கு 8 வாய்ப்பு உண்டு. நூற்றுக்கு 5-ஐத் தாண்டினால் ஆய்வாளர்கள் பொதுவாக நம்புவதில்லை. அன்றாட வாழ்வில் ஏற்படும் முடக்கம் மட்டும் நம்பத்தக்க அளவில் குறைந்திருந்தது. பயன் ஓரளவே என்பது அறிக்கையின் தீர்ப்பு.

இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, வீட்டு உதவித் திட்டத்தின் கோப்பை மூடிவிட ஓர் அதிகாரிக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் அதே அறிக்கைக்குள் இன்னோர் எண் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் மட்டும் வேறுபாடு 9.29, இது தற்செயலாக நேர வாய்ப்பு ஆயிரத்துக்கு 3. மற்ற இரண்டிடங்களில் அப்படி ஒன்றும் புலப்படவில்லை. ஓரிடத்தில் கிடைத்த பயன் மூன்றிடத்துச் சராசரியில் கரைந்துபோயிற்று! மருத்துவ வசதி அரிதாக உள்ள கிராமப்புறங்களில் இம்முறையைத் தொடங்குவதே ஏற்றது என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனாலும் மூன்றில் ஒன்று உயர்ந்திருப்பதைக் கண்ட பிறகு அதற்குக் காரணம் சொல்வது எளிது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டு, வேறு கிராமங்களில் மறுபடியும் செய்து பார்க்கவேண்டும். மூன்றே இடங்களை வைத்து உறுதி பேச இயலாது.

என் பெரிய குறை வேறு. அந்த மாணவி பின்னொரு நாள் சொன்னது: சோற்றில் அம்மா விஷம் வைத்துவிட்டதாக நம்பி, அண்ணன் நள்ளிரவில் மொட்டை மாடிக்குப் போய்விட்டான், இறங்கி வர மறுத்தான். விடியும்வரை மாமா கீழே நின்று பேசிக்கொண்டே இருந்தாராம். முறை வைத்து வந்துபோகும் பணியாளர் அந்நேரம் என்ன செய்வார்? இந்தச் சோதனை அளந்தது ஓர் ஆண்டின் முடிவை. ஓர் இரவை அன்று.

அத்தகைய இரவைப் பற்றிய சோதனை லண்டனில், இஸ்லிங்டன் பகுதியில் நடந்தது. 2005-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' அதை வெளியிட்டது. மருத்துவமனையில் சேர்க்க எண்ணும் அளவுக்கு நெருக்கடியில் இருந்த 260 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 24 மணி நேரமும் இயங்கும் நெருக்கடிக் குழுவின் உதவியை அளித்தார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது அக்குழுவின் வேலை. எட்டு வாரங்களுக்குள் மருத்துவமனை சேர்ந்தோர், குழு இல்லாத பிரிவில் நூற்றுக்கு 59. குழு உள்ள பிரிவில் 22. கட்டாயமாகச் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கை மட்டும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆகவே மருத்துவமனையே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் தவறு.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், வீட்டிலேயே தரும் மறுவாழ்வுப் பணியையும் குடும்பத்துக்கான உதவியையும் அரசு தரவேண்டிய சேவைகளில் சேர்த்திருக்கிறது. 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை வந்தது. 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். நல்ல ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் தொலைபேசியால் மாடிப்படி ஏற முடியாதே!

மாணவியிடம் சோதனையின் முடிவைச் சொன்னேன். மருந்தும், முறையாக வந்து பார்ப்பவரும் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றேன். "யார் சார் வருவாங்க?" என்று கேட்டாள். 14416-ஐத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மனநல மருத்துவர் இருக்கும் மருத்துவமனை அவள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தொலைவு.