குதிரையும் ஒட்டகமும்

தமிழில் ‘வேண்டும்’ என்று ஒரு சொல் உண்டு. நா வறண்டவன் தண்ணீர் வேண்டும் என்கிறான். பெட்டி நிறையச் சட்டை வைத்திருப்பவன் இன்னும் ஒன்று வேண்டும் என்கிறான். இறைவனை நாடுபவன் அவன் அருள் வேண்டும் என்கிறான். மூவர்க்கும் சொல் ஒன்றே. அரபி மொழி இவ்வகையில் சற்றுக் கண்டிப்பானது. உயிர் போகும் நிலையில் எழுவது ளரூரத்; இல்லாவிடில் வாழ்வு இடர்ப்படும் என்பது ஹாஜத்; உள்ளம் சுவைக்காக நாடுவது ஷஹ்வத். ஸூபியாக்கள் இன்னும் நுணுக்கமாக, ‘ஹக்குன் நஃப்ஸ்’, ‘ஹள்ளுன் நஃப்ஸ்’ என இரண்டாகப் பிரித்தனர். முன்னது ஆன்மாவுக்கு நாம் கொடுத்தே தீர வேண்டிய உரிமை. பின்னது அது கேட்டு வாங்கும் இன்பப் பங்கு. ஒலியில் நெருங்கியுள்ள இவ்விரு சொற்களையும் வாழ்க்கையில் வேறு பிரிப்பதுதான் கடினம்.

அதனைப் பிரித்துக் காட்ட முனைந்த இரு நூல்களை இங்கே அருகருகே வைத்து நோக்க விரும்புகிறேன். ஒன்று, நம் சென்னை அடையாற்றில் 1910-ஆம் ஆண்டு வெளியான சிறு நூல். மற்றொன்று, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இயற்றிய ‘இஹ்யா உலூமித்தீன்’.

பெசன்ட் நகர் என்னும் பெயர் அன்னி பெசன்ட் அம்மையாரின் நினைவாக அமைந்தது. அவர் 1907 முதல் 1933-இல் மறையும்வரை பிரம்மஞான சபையின் தலைவராயிருந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி அவ்வம்மையார் ஆற்றிய சொற்பொழிவு நம் மீலாது மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஆதலின் அவர் நம் வாசகர்க்குப் புதியவரல்லர். சபையின் பரந்த தோட்டத்தினுள் கோயிலும் தேவாலயமும் இருப்பதுபோல் ஒரு பள்ளிவாசலும் உண்டு. அத்தோட்டத்தை ஒட்டிய கடற்கரையிலேதான் 1909-இல் லெட்பீட்டர் என்பார் ஒரு சிறுவனைக் கண்டு, உலகாசானாக வருபவன் இவனே என்றார். அச்சிறுவனே ஜே. கிருஷ்ணமூர்த்தி. அடுத்த ஆண்டு ‘அல்சியோன்’ என்னும் புனைபெயரில் அவருடைய பெயரால் வந்த நூல்தான் ‘அட் தி ஃபீட் ஆஃப் தி மாஸ்டர்’. குருவின் திருவடியில் என்பது அதன் பொருள்.

அந்நூலை எழுதியவர் உண்மையில் யார் என்னும் ஐயம் அன்றே எழுந்தது. பதினைந்து வயதுப் பையனுக்கு இத்தகைய ஆங்கில நடை வருமா என்று கேட்டோர் பலர். அவையெல்லாம் தம் சொற்கள் அல்ல, தமக்குக் கற்பித்த குருவின் சொற்களே என்று முன்னுரையும் கூறுகிறது. 1929-இல், தம்மை மையமாக்கி நிறுவப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தியே கலைத்து, குருபீடம் எதுவும் உண்மைக்கு வழியாகாது என்று அறிவித்து விலகினார். எனினும் நூல் அவரை விட்டு நீங்கித் தன் வழியே சென்றது. பல மொழிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. ஆகவே ஆசிரியர் யார் என்பதை விடுத்து, நூல் சொல்வது யாது என்று காண்போம்.

அது நான்கு தகுதிகளைக் கூறுகிறது: விவேகம், ஆசையின்மை, நல்லொழுக்கம், அன்பு. வேதாந்த நூல்கள் கூறும் நால்வகைச் சாதனங்களின் சாயல் இதில் வெளிப்படை. விவேகம் பற்றிய பகுதியில் ஒரு நல்ல கருத்து உள்ளது. உன் உடல் விரும்புவதை நீ விரும்புவதாக மயங்காதே என்பது அதன் சாரம். உடல் சோம்பலை விரும்பும். உணர்ச்சி கோபத்தையும் பொறாமையையும் விரும்பும். மனம் தன்னைப் பிறரினும் உயர்ந்ததாக எண்ண விரும்பும். இவற்றுள் எதுவும் உன் விருப்பம் அன்று. உடல் நீ ஏறிச் செல்லும் குதிரை. அதனை நன்றாகப் பேணு, தூய உணவு கொடு, அளவுக்கு மீறி வேலை வாங்காதே. ஆனால் குதிரை உன்னை ஓட்ட விடாதே என்கிறது நூல்.

இதைப் படிக்கும் மதரஸா மாணவன் எவனும் ஒரு கணம் நின்று விடுவான். ஏனெனில், ஊர்தி உவமை அவனுக்கு முன்பே பழக்கமானது. இஹ்யாவின் மூன்றாம் காற்பகுதியில், உலகப் பற்றை இகழும் நூலில், இமாம் அவர்கள் உடலை ஹஜ்ஜுப் பயணியின் ஒட்டகமாகக் காட்டுகிறார்கள். ஒரு பயணி தங்குமிடந்தோறும் தன் ஒட்டகத்தைக் கழுவுகிறான். வண்ணத் துணி போர்த்துகிறான். வகைவகையான புல்லைத் தேடிக் கொணர்கிறான். பனிக்கட்டியால் நீரைக் குளிர்விக்கிறான். இதற்குள் காஃபிலா நெடுந்தூரம் சென்று விடுகிறது. அவனும் ஒட்டகமும் பாலைவனத்தில் விலங்குகளுக்கு இரையாகிறார்கள். அறிவுடைய பயணியோ, ஒட்டகம் நடக்கும் அளவுக்கு மட்டும் அதனைக் கவனித்து, உள்ளத்தைக் கஅபாவின்மீது வைக்கிறான்.

இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று முடித்துவிடுவது எளிது. நம் மேடைகளில் சமய ஒப்பீடு அவ்வாறுதான் பெரும்பாலும் முடிகிறது. ஆனால் உவமைகளை ஊன்றி நோக்கினால் வேற்றுமை புலப்படும். குதிரை உவமையில் இருவரே உளர்: குதிரையும் அதன்மேல் இருப்பவனும். யார் யாரை ஆள்வது என்பதே அங்குக் கேள்வி. ஒட்டக உவமையில் மேலும் இரண்டு உண்டு: சேர வேண்டிய இடம் ஒன்று, உடன் செல்லும் கூட்டம் ஒன்று. எவ்வளவு போதும் என்பதைச் சேருமிடம் தீர்மானிக்கிறது. எவ்வளவு தாமதிக்கலாம் என்பதைக் கூட்டம் தீர்மானிக்கிறது. அடையாற்று நூல் ‘விரும்புவது யார்?’ என்று கேட்கிறது. இமாம் அவர்கள் ‘எதற்காக, எவ்வளவு?’ என்று கேட்கிறார்கள். முதற் கேள்வி மனத்தைத் தெளிவாக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அளவுகோலைக் கையில் தருவது இரண்டாவதே.

அந்த அளவுகோலை இமாம் அவர்கள் வெறும் உவமையோடு விட்டுவிடவில்லை. நான்காம் காற்பகுதியில், வறுமையும் துறவும் பற்றிய நூலில், மனிதனுக்கு இன்றியமையாதவற்றை எண்ணிக் காட்டுகிறார்கள்: உணவு, உடை, உறைவிடம், வீட்டுத் தட்டுமுட்டு, இல்லறம், இவற்றை அடையக் கருவியாகும் பொருளும் செல்வாக்கும். ஒவ்வொன்றுக்கும் மேல்நிலை, இடைநிலை, கடைநிலை உண்டு. பசித்தபோது உண்டு, மறுவேளைக்கு எதுவும் சேர்க்காதவன் மேல்நிலையினன். ஒரு மாதத்துக்கோ நாற்பது நாளுக்கோ வைத்திருப்பவன் இடைநிலை. ஓராண்டுக்குச் சேமிப்பவன் கடைநிலை. அதற்கும் மேல் சேர்ப்பவன் துறவி என்னும் பெயருக்கே உரியவனல்லன். ‘எனக்கு ஆசையில்லை’ என்று சொல்லிக்கொள்ளும் ஒருவனை இந்த அட்டவணையின் முன் நிறுத்தினால் உண்மை விளங்கிவிடும். ஆசையின்மை பற்றிய அடையாற்று நூலின் அத்தியாயம் நுட்பமானதுதான். அறிவாளியாகத் தோன்றும் ஆசையையும், பிறர் காரியத்தில் தலையிடும் ஆசையையும் அது கண்டிக்கிறது. ஆயினும் அரிசி எத்தனை நாளுக்கு என்று அது கேட்பதில்லை. வசதியான வீட்டில் வாழ்பவர் அதனைப் படித்து, எதையும் இழக்காமலே ஆசையற்றவராகி விடலாம்.

தேவைகள் பெருகும் வழியையும் இமாம் அவர்கள் விளக்குகிறார்கள். உணவு, உடை, இருப்பிடம் ஆகிய மூன்றுக்காக உழவு, மேய்ச்சல், வேட்டை, நெசவு, கட்டடம் என்னும் ஐந்து தொழில்கள் தோன்றின. அவற்றுக்குக் கருவி வேண்டியிருந்தது. ஆகவே கொல்லனும் தச்சனும் தோல் தொழிலாளியும் வந்தனர். பண்டம் மாற்றச் சந்தை வந்தது. சண்டை தீர்க்க அரசு வந்தது. அரசைத் தாங்க வரி வந்தது. ஒரு தேவை மற்றொரு தேவையை ஈன்றது. இறுதியில் மனிதன் எதற்காகத் தொடங்கினோம் என்பதையே மறந்தான். விளம்பரமும் தவணைக் கடனும் நிறைந்த நம் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

இனி, இரு நூல்களும் உண்மையில் மோதும் இடத்துக்கு வருவோம். அடையாற்று நூலின் அன்பு பற்றிய அத்தியாயம் புறங்கூறல், கொடுமை, மூடநம்பிக்கை என்னும் மூன்றையும் அன்புக்கு எதிரான பெருந்தீங்குகளாகச் சொல்கிறது. மூடநம்பிக்கையின் கீழ், விலங்குகளைப் பலியிடுவதையும், மனிதனுக்குப் புலால் தேவை என்னும் எண்ணத்தையும் சேர்த்துக் கண்டிக்கிறது. அதாவது, ஒருவன் ‘எனக்கு இது தேவை’ என்று சொல்வதை, ‘அது உன் தேவையன்று, உன் மயக்கம்’ என்று மற்றவர் தீர்ப்பளிக்கும் இடம் இது.

புலால் குறைத்துண்பதை நம் முன்னோரும் போற்றினர். இறைச்சிக்கு மதுவைப்போல் பழக்கப்படுத்தும் இயல்பு உண்டென்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததை முவத்தாவில் காண்கிறோம். ஒருவர் தம்மளவில் அதனை விட்டுவிட்டால் அது அவருடைய பேணுதல். பிறனுடைய தட்டைப் பார்த்து அது மூடநம்பிக்கை என்று சொல்வது வேறு. பெசன்ட் நகரில் இந்த வேற்றுமையை விளக்க நூல் தேட வேண்டியதில்லை. எலியட்ஸ் கடற்கரையின் வடபுறத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. வீட்டுவசதி வாரியம் மனை பிரிப்பதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு மீனவர் வாழ்ந்தனர். அவர்களுக்கு மீன் உணவு மட்டுமன்று. தொழிலும் பிள்ளைகளின் படிப்பும் அதுவே. எல்லா நம்பிக்கைகளையும் முழுமையாகப் பொறுத்துக்கொள் என்று நல்லொழுக்க அத்தியாயத்தில் கற்பித்த நூல், அன்பின் அத்தியாயத்தில் அதனை மறந்தது ஒரு முரண்பாடே.

சபையாரை நான் குறை கூறுவதாக யாரும் கொள்ள வேண்டாம். அச்சபையின் நிறுவனர்களுள் ஒருவரான கர்னல் ஆல்காட், 1894-இல் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளி அதே பகுதியில் ஆல்காட் நினைவுப் பள்ளியாகத் தொடர்ந்தது. பிறர் தேவையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். நூலில் இல்லாத ஒன்று அவர்கள் செயலில் இருந்தது என்பதே உண்மை.

நூலில் இல்லாதது எது? பிறர் தேவை என் அன்பைப் பொறுத்ததன்று, அஃது அவர் உரிமை என்னும் கருத்து. இங்கேதான் இமாம் கஸ்ஸாலி அவர்களின் மற்றொரு முகத்தைக் காண வேண்டும். இஹ்யாவை எழுதிய அதே கை, சட்ட மூலங்களைப் பற்றி ‘அல் முஸ்தஸ்ஃபா’வையும் எழுதியது. அதில் மனித நலன்கள் மூன்று படிகளாக வகுக்கப்படுகின்றன: இன்றியமையாதவை, தேவையானவை, அழகு சேர்ப்பவை. மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்னும் ஐந்தையும் காப்பது முதற்படி. மேற்படி ஒன்றுக்காகக் கீழுள்ள அடிப்படையை இடிக்கலாகாது. தனக்கென்று வரும்போது ஓராண்டுக்கு மேற்பட்ட உணவை மிகை என்றவர், சமுதாயத்துக்கென்று வரும்போது மனிதனின் உடைமையையும் இன்றியமையாதவற்றுள் சேர்த்தார். இது முரண்பாடன்று. துறவு நூல் நான் என்னை அளக்கும் கோல்; சட்ட நூல் நான் பிறரை அளக்கும் கோல். வள்ளுவரும் அவா அறுத்தலைத் துறவறத்தில் வைத்து, ஈகையை இல்லறத்தில் வைத்தார். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் இரண்டும் கெடும்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதனைத் தெளிவாகவே செயற்படுத்தின. ஹனஃபீ நூல்களில் குடியிருக்கும் வீடு, உடுத்தும் துணி, தொழிலாளியின் கருவி, அறிஞனின் நூல்கள் ஆகியவை அடிப்படைத் தேவைகள்; அவற்றின்மீது ஜகாத் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தொழில் தெரிந்த ஏழைக்கு அவன் தொழிற்கருவியின் விலையையே ஜகாத்திலிருந்து கொடுக்கலாம், அது சிறிதாயினும் பெரிதாயினும் சரி என்கிறார்கள். ஆக, கட்டுமரமும் வலையும் செல்வம் அல்ல, தேவை.

இதற்குத் திருமறையிலேயே சான்றுண்டு. அல்கஹ்ஃபு அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்களுடன் சென்ற நல்லடியார் ஒரு மரக்கலத்தைப் பழுதாக்குகிறார். அது கடலில் உழைக்கும் மிஸ்கீன்களுடையது. நல்ல கலங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் இருந்தான். ஆகவே அதனைக் காப்பாற்றவே பழுதாக்கினேன் என்று பின்னர் விளக்குகிறார். கலம் வைத்திருந்தவர்களையே இறைவன் மிஸ்கீன் என்று அழைத்தான் என்பதைக் கொண்டு, மிஸ்கீன் என்பவன் எதுவுமற்றவன் அல்லன், உள்ளது போதாதவன் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் வாதித்தனர். ஒரு பொருள் கையில் இருப்பதைக் காட்டி, ‘இவனுக்கென்ன குறை’ என்று சொல்வோரின் வாயை அடைக்கும் வாதம் இது.

1985-இல் மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற அரசு முற்பட்டது. மீனவர் எதிர்த்தனர், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. முஸ்தஸ்ஃபாவின் மொழியில் சொன்னால், மூன்றாம் படியிலுள்ள அழகுக்காக முதற்படியிலுள்ள உயிரும் உடைமையும் இடிக்கப்பட்டன. காற்று வாங்க வருபவனின் விருப்பத்துக்கும் வலை உலர்த்துபவனின் தேவைக்கும் ஒரே ‘வேண்டும்’ என்னும் சொல்லே வழங்கியதன் விளைவு அது. மாலையில் எலியட்ஸ் கடற்கரையில் நடப்பது நல்லதுதான். அந்த மணல் முதலில் யாருக்கு வேண்டும் என்பதையும் நடப்பவர் அறிந்திருத்தல் நலம்.

அடையாற்றுச் சிறுநூலைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் உடல் கேட்பதெல்லாம் நான் கேட்பதன்று என்னும் ஒரு வரிப் பாடத்துக்காகவே அது படிக்கத்தக்கது. ஆனால் அதனோடு நிற்பவன் தன் குதிரையை அடக்கியதிலேயே மகிழ்ந்துவிடுவான். நம் மதரஸாக்களிலும் ஒரு குறை உண்டு. துறவு பற்றிய இஹ்யாவின் பகுதிகளைப் பயான்களில் உருகி உருகிச் சொல்கிறோம். பெரும்பாலும் ஏழைகள் அமர்ந்திருக்கும் சபையில் சொல்கிறோம். ஜகாத்தின் சட்டங்களையோ ரமளானில் ஒருநாள் அவசரமாகச் சொல்லி முடிக்கிறோம். இவ்வரிசை மாற வேண்டும். உள்ளவர்முன் துறவையும் ஜகாத்தையும் ஒரே அமர்வில் ஓதுவோம். இல்லாதவரிடம் போதுமென்ற மனத்தைப் போதிக்கும் முன், அவருக்குப் போதுமான அளவு போய்ச் சேர்ந்ததா என்று கேட்போம். அதைக் கேட்கும் துணிவை அல்லாஹ் நம் ஆலிம்களுக்கு அருள்வானாக.