மின்னழுத்தத்தைப் பூட்டியது சரியா?

லினக்ஸ் கணினியில் செயலி எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை, ரூட் உரிமை உள்ள எவரும் ஒரு சிறு கோப்பில் ஒற்றைச் சொல்லை எழுதி மாற்றிவிடலாம். ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று எழுதினால் உச்ச அதிர்வெண். ‘ஆன்டிமாண்ட்’ அல்லது ‘ஸ்கெட்யூட்டில்’ என்றால் சுமைக்கேற்ப ஏற்றமும் இறக்கமும். அதிர்வெண்ணில் இவ்வளவு தாராளம் காட்டும் கர்னல், செயலியின் மின்னழுத்தத்துக்கு இப்படிப் பொதுவான வாசல் எதையும் வைக்கவில்லை. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. ஆனால் 2019-க்குப் பின் இன்டெல் செயலிகளுக்கு வந்த பூட்டு அந்தக் காரணத்தையும் தாண்டிப் போய்விட்டது என்பதே என் கருத்து.

அதிர்வெண்ணைத் திறந்துவிட்டதில் பெரிய ஆபத்தில்லை. என்ன எழுதினாலும் சில்லு தன் வரம்புக்குள்தான் ஓடும். வேகத்தைத் தணித்தால் விசிறிச் சத்தம் குறையும். வேகத்தை அளந்து ஒப்பிடுபவருக்கு நிலையான அளவீடு கிடைக்கும். வேகத்தைக் குறைத்தால் பேட்டரி நீடிக்கும் என்ற நம்பிக்கைதான் பலவீனமான இடம். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஆழ்ந்த ஓய்வுக்குப் போகும் செயலி, மெதுவாக இழுத்தடிக்கும் செயலியைவிடக் குறைவாகச் செலவழிப்பதுண்டு. இன்டெல்லின் பி-ஸ்டேட் இயக்கியில் ‘பவர்சேவ்’ என்ற தேர்வு சுமைக்கேற்ப வேகத்தை மாற்றும். பழைய இயக்கியில் அதே தேர்வு செயலியை அடிமட்ட வேகத்தில் நிறுத்திவிடும். இதை அறியாமல் அமைப்பை மாற்றுபவர் ஏமாறத்தான் செய்வார்.

மின்னழுத்தத்தின் கதை வேறு. செயலியின் இயங்கு மின்திறன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடும். வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் அந்தச் செலவு ஏறக்குறைய 19 சதவீதம் இறங்கும். ஒவ்வொரு சில்லும் சற்றே மாறுபடுவதால் உற்பத்தியாளர் எல்லாவற்றுக்கும் கூடுதலாகவே மின்னழுத்தம் ஒதுக்குகிறார். சூடேறித் திணறும் மெல்லிய லேப்டாப்பில் அந்த உபரியைப் பயனர் கழித்தால், அதே வெப்ப வரம்புக்குள் கூடுதல் வேகம் கிடைக்கும். பணம் செலவழிக்காமல் இவ்வளவு பயன் தரும் மாற்றம் வேறு அதிகமில்லை.

அளவு தவறினால் என்ன ஆகும்? கணினி உறைந்து நின்றால் அது நல்ல காலம். ஒரு பெருக்கல் தவறான விடை தந்து, அந்த விடை சத்தமில்லாமல் கோப்பில் பதிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கடும் சோதனையில் தேறிய அமைப்பு, சுமை குறைந்த வேளையில் சறுக்கவும் கூடும்.

இந்தப் பிழையையே ஆயுதமாக்கிக் காட்டியது 2019 டிசம்பரில் வெளிவந்த ‘பிளண்டர்வோல்ட்’ தாக்குதல். பர்மிங்ஹாம், லூவன், கிராட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்னழுத்தத்தைக் குறைத்து, இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் காப்பறைக்குள் கணக்குகளில் பிழை விழ வைத்து, ரகசியச் சாவிகளை மீட்டார்கள். மைக்ரோகோடும் பயாஸும் புதுப்பிக்கப்பட்டு, மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழி மூடப்பட்டது.

ஆனால் இந்தத் தாக்குதலுக்கு ரூட் உரிமை தேவை. ரூட் கிடைத்தவருக்குச் சாதாரண வீட்டுக் கணினியில் ஏற்கெனவே எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. கணினியின் உரிமையாளரிடமிருந்தே மறைக்க வேண்டிய ரகசியங்களைத்தான் எஸ்ஜிஎக்ஸ் காத்தது: மேகக்கணினி வாடிக்கையாளரின் தரவு, 4கே புளூரே வட்டின் உரிமக் காப்பு போன்றவை. முதலாவதற்குப் பூட்டு அவசியம். எஸ்ஜிஎக்ஸைத் தொட்டே பார்க்காத லேப்டாப்காரரிடம் ஏன் உரிமையைப் பறிக்க வேண்டும்? தனிநபர் கணினிகளுக்கான செயலிகளில் 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் எஸ்ஜிஎக்ஸைக் கைவிட்டது. காக்கவேண்டிய அறை போன பிறகும் பல லேப்டாப்களில் பூட்டு தொங்குகிறது. அதைத் திறக்கும் தேர்வும் பலவற்றின் பயாஸில் இருப்பதில்லை.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியைத் தருபவர்கள் இதைவிட நேர்மையாக நடந்தார்கள். தொடக்கத்தில் மின்னழுத்தத்தை ஏற்றினால் சில்லில் அழியாத குறி விழும், உத்தரவாதம் போகும். 2012 செப்டம்பரில் 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1000 வரை ஐந்து படிகளைத் தந்து, உத்தரவாதம் போகாமலும் பார்த்துக்கொண்டார்கள். சுமை இருக்கும்போது மட்டுமே ஏற்றம். வெப்பம் 85 பாகையைத் தொட்டால் அதுவும் நிற்கும்.

லினக்ஸ் கர்னலும் இப்படி வரம்புக்குட்பட்ட வழியைத் தந்திருக்கலாம். வரம்பு சோதிக்கும் முறையான இடைமுகம் இல்லாததால், பூட்டு விழாத கணினிகளில் பயனர்கள் செயலியின் உள்பதிவேட்டில் எண்களை நேரடியாக எழுதும் கருவிகளை நம்புகிறார்கள். அங்கே ஒரு இலக்கம் பிசகினால் தடுக்க எதுவுமில்லை. செக்யூர் பூட் இயக்கத்தில் கர்னல் பூட்டப்பட்டிருந்தால் அந்த வழியும் அடைபடும். மின்னழுத்தத்தைக் குறைக்க விரும்புபவர் துவக்கப் பாதுகாப்பையே அணைக்க நேர்கிறது.