விருந்து, பந்தி, மிச்சில்: கிறித்தவ உடனுண்ணல் குறித்த ஒரு மறுவாசிப்பு

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தையும் விவிலியத்தின் விருந்தோம்பல் அறிவுரைகளையும் ஒப்பிடும் கட்டுரைகள் தமிழாய்வில் குறைவல்ல. அவற்றுள் பல, இரண்டும் ஒன்றையே கூறுகின்றன என்ற முடிவுடன் அமைதி கொள்கின்றன. அம்முடிவு இனிமையானது, முழுமையானதன்று. புதியவர்க்கு இல்லத்தில் உணவளித்தல் வேறு, அவரோடு ஒருங்கிருந்து உண்ணுதல் வேறு. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்த் திருச்சபைகளைப் பிளந்த வேறுபாடு இதுவே.

கிரேக்கப் புதிய ஏற்பாடு விருந்தோம்பலைக் குறிக்க ஆளும் 'பிலொக்சேனியா' என்னும் சொல், அந்நியர்பால் அன்பு எனப் பொருள்படும். அதன் உறுப்பாகிய 'க்சேனொஸ்' அந்நியன், விருந்தினன், விருந்தளிப்பவன் என்னும் முப்பொருளும் தரும். ரோமர் 16:23இல், சபைக்குத் தன் வீட்டைத் திறந்த காயு இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறான். தமிழின் 'விருந்து' புதுமை, புதியவர், உணவு என விரிவது. தொல்காப்பியம் புதுவகை யாப்பில் அமைந்த நூலையும் அப்பெயரால் வழங்கும். ஆயின் அளிப்பவனை அச்சொல் குறிப்பதில்லை. பரிமேலழகர் விருந்தினை, முன்னறிமுகம் பற்றி வந்தது, அஃதின்றி வந்தது என இருவகைப்படுத்துவார். இருவகையினரும் வருவோரே, இல்லறத்தான் என்றும் அளிப்போனே. விருந்தினர் உண்டபின் எஞ்சிய மிச்சிலை அவன் உண்கிறான் என்பது குறளின் உயர்ந்த கற்பனை. எனினும் அங்கே இருவர் உண்ணும் நேரமும் ஒன்றன்று. தனித்து உண்ணாமையைச் சான்றோர் இயல்பாகக் கூறும் புறநானூற்று 182ஆம் பாடல் இதனினும் உடனுண்ணலுக்கு அணுக்கமானது. ஒப்பாய்வாளர் அதனைப் போதிய அளவு கருதவில்லை.

லூக்கா நற்செய்தி இயேசுவைப் பெரும்பாலும் பிறர் வீட்டில் உண்பவராகவே காட்டுகிறது. சகேயுவின் வீட்டிற்கு அவர் தாமே தம்மை அழைத்துக்கொள்கிறார். பரிசேயனாகிய சீமோனின் இல்லத்தில் (7:36-50) கால் கழுவ நீரும் வரவேற்பு முத்தமும் அளிக்க வீட்டுக்குரியவன் தவறுகிறான். அழைப்பின்றி நுழைந்த பெண்ணொருத்தி அக்கடனைக் கண்ணீரால் நிறைவேற்றுகிறாள். எம்மாவு நிகழ்ச்சியில் (24:28-31) வழிப்போக்கராக உள்ளே அழைக்கப்பட்டவரே அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுக்கிறார். விருந்தினர் விருந்தளிப்பவராகும் இவ்விடமாற்றமே அந்நூலின் கதைப்பின்னலில் மையமானது எனலாம். 'க்சேனொஸ்' என்ற ஒரு சொல்லுக்குள் இருந்த இரட்டைப் பொருள் இங்கே கதையாக விரிந்துள்ளது.

மொழிபெயர்ப்பாளர் இதனை எவ்வாறு தமிழாக்கினர்? புராட்டஸ்டண்டு மரபில் இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 'பிலொக்சேனியா'வை அந்நியரை உபசரித்தல் என்று பெயர்த்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் விருந்தோம்பல் என்னும் சொல்லை ஏற்றது. பின்னது அழகிய தமிழ். முன்னது மூலத்தின் அந்நியனைக் கைவிடாதது. இதனினும் முதன்மையானது பழைய மொழிபெயர்ப்பின் 'பந்தியிருத்தல்'. இருக்கையிற் சாய்ந்தபடி உண்ணும் கிரேக்க-உரோமை வழக்கைக் குறிக்கும் வினைக்கு அது ஈடாக அமைந்தது. பந்தி என்பது வரிசை. தமிழ்ச் சூழலில் யார் யாரோடு ஒரே வரிசையில் அமரலாம் என்பதே பந்தியின் இலக்கணம். ஆயக்காரரோடும் பாவிகளோடும் அவர் பந்தியிருந்தார் என்னும் செய்தி, மூலத்தைக் காட்டிலும் தமிழில் கூர்மை பெற்றது. அக்கூர்மை மொழிபெயர்ப்பாளர் கருதி அமைத்ததோ அன்றோ, படித்தவர்க்கு அது தப்பியிருக்க இயலாது.

கொரிந்துச் சபையில் செல்வர் முந்தி உண்ண, வறியோர் பசித்திருந்ததைப் பவுல் கடிந்தார் (1 கொரிந்தியர் 11:17-34). கெர்ட் தைசன் இதனைச் செல்வர் வறியோர் முரணாக விளக்கினார். ஜெரோம் மர்பி-ஓகானர் வீட்டின் அமைப்பை நோக்கினார்: உணவறையில் ஒன்பதின்மர் அளவே சாய்ந்திருக்க இடமிருந்தது, ஏனையோர் முற்றத்தில். தமிழில் இதற்குத் தனிப்பெயரே உண்டு: பந்தி வஞ்சனை.

தமிழகத்தில் அம்முற்றம் நெடுங்காலம் நீடித்தது. பேராயர் டேனியல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை விலக்க ஆணையிட்டபோது தஞ்சைச் சபை கொந்தளித்தது. எதிர்த்தோர் வரிசையில் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போன்ற பெரும்புலவரும் இருந்தார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, எந்தச் சாதிக் கிறித்தவரோடும் உண்ண இசைவதையே சாதி துறந்தமைக்குச் சான்றாகக் கொண்டது. நோக்கம் நேரியது. ஆயினும் அப்பந்தியில் அமர்ந்தவன் விருந்தினனா, தேர்வெழுத வந்தவனா என்னும் வினா எழுகிறது. அன்பின் உணவு ஆவணச் சான்றாக மாறியபோது அதன் இயல்பும் மாறியது. மறுத்தவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதன்று இதன் பொருள். அவர்கள் காத்தது சமையலறையின் தூய்மையை, இழந்தது எம்மாவு வீட்டு மேசையை.

பாமாவின் 'கருக்கு' (1992) இவ்வரலாற்றின் மறுபுறத்திலிருந்து பேசுகிறது. நாயக்கர் வீட்டில் உழைக்கும் பாட்டிக்கு வீட்டார் உண்டு எஞ்சிய சோறு, தீண்டல் நேராதபடி, ஏனத்தில் கொட்டப்படுகிறது. குடிநீர் உயரத்திலிருந்து ஊற்றப்படுகிறது. வள்ளுவர் கூறிய மிச்சில் இங்கே தலைகீழாகிறது: விருந்தினரின் எச்சத்தை இல்லத்தான் உண்பதற்கு மாறாக, இல்லத்தாரின் எச்சம் உழைத்தவளின் கூலியாகிறது. இக்காட்சியைச் சாதிக்கொடுமையின் சான்றாக மட்டும் படிப்போர், பாட்டியின் குடும்பம் கிறித்தவக் குடும்பம் என்பதையும், நூலின் பிற்பகுதி கன்னியர் மடத்தின் வசதியான வாழ்வை வறியோர் வாழ்வோடு வைத்து எடைபோடுவதையும் சேர்த்துப் படிப்பதில்லை. ஏனத்தில் விழும் சோற்றையும் மடத்தின் உணவு மேசையையும் ஒருங்கே நோக்கும்போது, கேள்வி நாயக்கர் வீட்டு வாசலோடு நிற்பதில்லை. மடத்தின் உணவறைக்குள்ளும் நுழைகிறது.