ஊரடங்கினால் உயிருமா அடங்க வேண்டும்?

புராணம் படிப்போரிடம் "இது நடக்கக்கூடியதா?" என்று கேட்கப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியை அரசாங்க ஏட்டின் மீதும் தொடுத்துப் பார்த்தல் வேண்டும். கரிசல் பூமியாம் கோவில்பட்டியின் கிளைச் சிறைக்கு 2020 ஜூனில் தந்தை ஒருவரையும் மகன் ஒருவரையும் அனுப்பிவைத்த ஏடு ஒன்று உண்டு. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தீட்டப்பட்ட முதல் தகவல் அறிக்கை அது.

அது கூறும் கதை இது: கொரோனா ஊரடங்கில், ஜூன் 19 இரவு, குறித்த நேரம் கடந்தும் கைப்பேசிக் கடை திறந்திருந்ததாம். கூட்டம் கூடியிருந்ததாம். கலையச் சொன்ன காவலரை ஏசினராம். பிறகு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் தாமே தரையில் உருண்டு புரண்டு உள்காயம் அடைந்தனராம்!

கற்பனைக்கும் காரண காரியத் தொடர்பு வேண்டாமா? கோவில் பிரகாரங்களில் அங்கப்பிரதட்சணம் செய்வோர் எத்தனை ஆயிரம்! உருண்டதால் உயிர் விட்டார் என்று எவரையேனும் கேட்டதுண்டா? இங்கோ, ஜூன் 22 இரவு மகன் மாண்டான். மறுநாள் காலை தந்தை மாண்டார். பக்கத்துக் கடைக் கண்காணிப்புக் கேமராவின் படத்தில் கூட்டமும் இல்லை, உருளலும் இல்லை.

உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி விசாரித்தவர் கோவில்பட்டி நீதித்துறை நடுவர். விடிய விடிய அடித்தனர் என்று அவரிடம் உரைத்தவர், அந்த நிலையத்துப் பெண் தலைமைக் காவலரே! நிலையத்துக் கேமராவோ, அன்றாடப் பதிவை அன்றாடம் அழித்துவிடுமாறு அமைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை ஒன்பது காவலர் மீது கொலைக் குற்றம் சாட்டிற்று.

"தொற்றுநோய்க் காலம், சற்றுக் கடுமை வேண்டாமா?" என்பார் உளர். ஊரடங்கு மீறல் மெய்யென்றே கொள்வோம். அந்நாளைய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு அதற்கு அளிப்பது, மிகுந்தால் ஆறு திங்கள் சிறை. சவுக்கடியும் இல்லை, சாவும் இல்லை! நெருக்கடி நிலையில் உயிருரிமை கேட்டு வழக்காட முடியாது என்று 1976இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, முடியும் என்று தனித்து நின்றவர் நீதிபதி எச். ஆர். கன்னா. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம், எந்த நெருக்கடியிலும் 21ஆம் பிரிவை நிறுத்திவைக்க முடியாதென ஆக்கிற்று. 2020இல் அத்தகைய நெருக்கடி நிலை அறிவிப்புக்கூட இல்லை. இருந்தவை பேரிடர் மேலாண்மைச் சட்டம் போன்ற சாதாரணச் சட்டங்களே. பொது நெருக்கடியைச் சாக்காகக் காட்டிக் காவலர் வரம்பு மீறலாகாதென ஐக்கிய நாடுகளின் 1990ஆம் ஆண்டு நெறிகளும் கூறுகின்றன.

ஊரை அடக்க ஆணை பெற்றவர், உயிரை அடக்க ஆணை பெற்றவர் ஆகார்.

தோழர்களே! புராணத்தை வெல்லும் படைக்கலம் சான்று. டி. கே. பாசு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் அதனை நம் கையில் தந்திருக்கிறது. கைதாகிறவர் கோரினால் அவர் உடலைச் சோதித்து, சிறு காயமும் பெருங்காயமும் குறித்து, இருதரப்பும் கையொப்பமிட்டு, அவருக்குப் படி ஒன்று தர வேண்டும். உறவினருக்குச் செய்தி போக வேண்டும். நாற்பத்தெட்டு மணிக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். நம் தெருவில் எவர் கைதானாலும், அவர் எவராயினும், நிலையத்து வாயிலில் நின்று அந்தத் தாளைக் கேளுங்கள். அந்த ஒரு தாள் எழுதப்பட்டுவிட்டால், உருண்டு புரண்ட கதை எழுத முடியாது!