உட்பக்கம் பார்த்து நிற்கும் காவல்

கோட்டை கட்டுபவன் எதிரியின் கண்ணில் படட்டும் என்றே கட்டுகிறான். மறைவிடம் அப்படியில்லை, அது இருப்பதே வெளியே தெரியக்கூடாது. மிகுபுனைவுகளில் வரும் மறைவிடங்களின் சிக்கலெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இடிந்த மதிலை எடுத்துக் கட்டலாம். வெளியே போன இரகசியத்தைத் திரும்ப அழைக்க முடியாது. ஆகவே காவலின் பெரும்பங்கு உள்ளே இருப்பவர்களைப் பார்த்தே நிற்கிறது. யார் வெளியே போகலாம், போனவர் என்ன சொல்லிவிடக்கூடும் என்பது அரசின் முதல் கவலையாகிவிடுகிறது. மாய வேலி, கழுகுக் காவல் என்று வாசகர்கள் ரசித்துப் பேசும் ஆற்றல்கள் எல்லாம் இந்தக் கவலைக்குப் பின்னால் வருபவை.

இதை ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் அளவுக்கு உணர்ந்து எழுதியவர் இல்லை. முதல் உலகப்போரில் சோம் போர்முனையிலிருந்து நோயாளியாகத் திரும்பிய பிறகு அவர் எழுதத் தொடங்கிய கோண்டோலின் நகரத்தின் கதை, அவர் மறைவுக்குப் பின் 1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ நூலில் சுருங்கிய வடிவில் இருக்கிறது. சுற்றிலும் மலை, நடுவில் சமவெளி, மேலே கழுகரசன் தோரோண்டோரின் கழுகுகள். 52 ஆண்டுகள் இரகசியமாகக் கட்டிய நகரம். உள்ளே வந்தவர் வெளியேறக்கூடாது என்பது மன்னன் துர்கோனின் சட்டம். அந்தச் சட்டம் முதலில் கடித்தது எதிரியை அல்ல, மன்னனின் குடும்பத்தை. அடைபட்டுச் சலித்த தங்கை அரெதெல் வற்புறுத்தி அனுமதி வாங்கி வெளியே போகிறாள். பல ஆண்டுகள் கழித்து மகன் மெய்க்லினுடன் திரும்புகிறாள். பின்தொடர்ந்து வந்த கணவன் எயோலிடம் மன்னன் சொல்வது இரண்டே வழி: இங்கேயே இரு, அல்லது இங்கேயே சாவு. மகன்மீது அவன் எறிந்த நச்சு ஈட்டி அரெதெலைக் கொல்கிறது. அவனை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்கிறார்கள். அந்த வீட்டில் வளர்ந்த மெய்க்லின்தான் பின்னர் உலோகம் தேடி எல்லை தாண்டி, பிடிபட்டு, நகரம் இருக்கும் இடத்தை எதிரி மோர்காத்திடம் சொல்லிவிடுகிறான். ‘முடிவுறாக் கதைகள்’ நூலில் (1980) ஒரு தகவல் போகிறபோக்கில் வருகிறது. நகரத்துக்குள் நுழையும் வழியிலிருந்த ஏழு வாயில்களில் கடைசியானதும் பெரியதுமான எஃகு வாயிலைச் செய்தவனும் இதே மெய்க்லின்தான். நகரம் எரிந்தபோது ஏழு வாயில்களில் ஒன்றும் உதவவில்லை. மன்னன் மகள் இட்ரில், மெய்க்லின் காதுக்கு எட்டாமல் தோண்டிவைத்த சுரங்கவழியே எஞ்சியவர்களைக் காப்பாற்றியது. ஏறத்தாழ 400 ஆண்டுகள் தாங்கிய நகரத்தில் கடைசியில் பயன்பட்ட ஒரே பாதுகாப்பு, வெளியே போகும் வழி.

துரோகி ஒருவன் இல்லாமல் கதை நகராது, அதனால்தான் ஆசிரியர்கள் உள்ளிருந்து வீழ்ச்சியைக் கொண்டுவருகிறார்கள், இதில் பெரிய தத்துவம் ஏதுமில்லை என்று ஒருவர் மறுக்கலாம். ரோலிங் விஷயத்தில் இதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். 1999இல் வந்த ஹாரி பாட்டர் நூலில் இரகசியத்தை ஒரே ஒரு மனிதரின் உள்ளத்துக்குள் பூட்டும் மந்திரம் வருகிறது. அந்த இரகசியக் காப்பாளராக நண்பன் பீட்டர் பெட்டிக்ரூ இருந்ததால் பாட்டர் தம்பதி கொல்லப்பட்டார்கள். ஆனால் கடைசி நூலில் பில் வீஸ்லி தன் வீட்டுக்குத் தானே காப்பாளராக இருக்கிறான். அப்படியானால் ஜேம்ஸ் பாட்டர் ஏன் அதைச் செய்யவில்லை? கதைக்குத் துரோகி தேவைப்பட்டான், அவ்வளவுதான். டோல்கீனுக்கு இந்த மறுப்பு பொருந்தாது. அவருடைய இன்னொரு மறைவிடமான நார்கோத்ரோண்ட் துரோகியே இல்லாமல் விழுகிறது. மறைந்திருந்து தாக்குவது வீரமல்ல என்று கருதிய, அங்கே வந்து தங்கிய வீரன் தூரின், ஆற்றின்மேல் பாலம் கட்ட வைக்கிறான். அதை இடித்துத் தள்ளுங்கள் என்று எச்சரிக்கை வந்தும் கேட்கவில்லை. டிராகன் அந்தப் பாலத்தில் நடந்துதான் உள்ளே வருகிறது. ஒளிந்து வாழ முடியாதவனும் உள்ளேதான் இருந்தான். அவருடைய மற்றொரு மறைவு நாடான தோரியாத்தின் கதை வேறு மாதிரி: அங்கே வேலி என்பது அரசி மெலியனின் ஆற்றல். அரண்மனைக்குள்ளேயே கணவன் கொல்லப்பட்டதும் அவள் நாட்டை விட்டுப் போகிறாள். வேலியும் அவளோடு போய்விடுகிறது. எதிரிக்கு அதை உடைக்கும் வேலைகூட இல்லை.

டோல்கீனின் மற்றொரு ஒளிவிடமான ரிவெண்டெல் விழவில்லையே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் அது முழு மறைவிடமே அல்ல. பகைவன் சௌரான் ஒரு காலத்தில் அதை முற்றுகையிட்டவன். அப்படி ஓரிடம் இருப்பது பகைவனுக்குத் தெரியும். வழி மட்டும் எளிதில் அகப்படாது: மனிதர் நாட்டு வீரன் போரோமிர் 110 நாள் பயணம் செய்து அங்கே வந்து சேர்கிறான். வந்தவர் தங்கலாம், கிளம்பலாம். அதன் தலைவன் எல்ரோண்டின் ஆலோசனைக் கூட்டத்தில் குள்ளர், மனிதர், எல்ஃப், ஹாபிட் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை. எல்ஃப்களின் காட்டு நாடான லோத்லோரியன் இதற்கும் கோண்டோலினுக்கும் நடுவில் நிற்கிறது. எல்லைக்கு வந்த பயணக்குழுவில் குள்ளன் கிம்லியின் கண்ணை மட்டும் கட்ட வேண்டும் என்கிறார்கள் காவலர்கள். அவன் கோடரியை உருவுகிறான். எல்லார் கண்ணையும் கட்டுங்கள் என்று குழுத்தலைவன் அரகோர்ன் சமாதானம் செய்ய, தன் இனத்தார் நாட்டுக்குள்ளேயே கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டிய எல்ஃப் லெகோலஸ் பொருமுகிறான். மறுநாள் அந்நாட்டின் தலைவியிடமிருந்து ஆணை வருகிறது: அனைவரும் கண்திறந்து நடக்கலாம். சந்தேகம் சட்டமாக இறுகுவதற்குமுன் அதைத் தளர்த்த ஒருத்தி இருந்தாள் என்பதே லோத்லோரியனுக்கும் கோண்டோலினுக்கும் உள்ள தூரம்.

இந்தக் கணக்கில் தோற்றுப்போன நூல் என்று நான் சொல்வது ஜேம்ஸ் ஹில்டன் 1933இல் எழுதிய ‘லாஸ்ட் ஹொரைசன்’. அதன் ஷாங்ரி-லா முதுமையைத் தள்ளிப்போடுகிறது. வரப்போகும் பெரும்போரிலிருந்து நூல்களையும் இசையையும் காக்கப் போவதாகச் சொல்கிறது. அதற்கு ஆள் சேர்க்க விமானத்தையே கடத்துகிறார்கள். வந்தவர்களைத் திரும்ப விடுவதில்லை. இது சிறைதான் என்று சொல்லும் வேலையை ஹில்டன் படபடப்பான இளைஞன் மாலின்சனிடம் கொடுத்து, அந்தக் கேள்வியின் கனத்தைக் குறைத்துவிட்டார். நிதானமான கான்வே அதைக் கேட்டிருந்தால் நாவலே வேறாகியிருக்கும். தமிழில் இப்போது மிகுபுனைவு எழுதுபவர்கள் ஒளிந்த நகரம் ஒன்றைக் கட்டப் புகுந்தால், அதன் மந்திரத்தை யோசிப்பதற்கு முன் அங்கிருந்து வெளியே போக விரும்பும் ஒரு பாத்திரத்தை முதலில் எழுதிப் பார்க்கட்டும்.