கழகமும் அகாடமியும்: பெருந்தொற்றில் இளையோர் விளையாட்டு

2020 மார்ச் 12ஆம் திகதி, பாடசாலைகளை மூடுவதாக இலங்கை அரசு அறிவித்தது. கொழும்பில் றோயல், புனித தோமஸ் கல்லூரிகளின் வருடாந்தக் கிரிக்கெட் பெரும் போட்டி தொடங்கியதும் அன்றுதான். தள்ளிப்போடச் சொல்லி ஜனாதிபதியே கேட்டும் மூன்று நாளும் ஆடி முடித்தார்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவருக்குக் கொரோனாத் தொற்று இருந்தது பிறகு தெரியவந்தது. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. நான்கு நாள் கழித்து, 24ஆம் திகதி நள்ளிரவு, இந்தியாவும் தன்னைப் பூட்டிக்கொண்டது.

இரு நாடுகளும் தூசு தட்டி எடுத்த சட்டங்களின் வயது ஒன்று. இந்தியாவின் கொள்ளைநோய்ச் சட்டமும் இலங்கையின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமும் 1897இல் வந்தவை. இரண்டுக்கும் இலக்கம் 3. பம்பாயில் பிளேக் பரவிய காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஏற்பாடு. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்து வாசலில் நின்றவர் அங்கே வேறு, இங்கே வேறு. இலங்கையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.). அந்த நாட்களில் பி.எச்.ஐ. ஐயா சம்மதிக்காமல் ஊரில் ஒரு கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியும் நடந்திருக்காது. தமிழ்நாட்டில் காவல்துறை. திருப்பூர்ப் பக்கம் மரத்தடியில் கேரம் ஆடிய இளைஞர்களைப் போலீஸ் டிரோன் துரத்த, ஒருவர் கேரம் போர்டையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஓடிய காணொளியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. அந்தச் சிரிப்பு அடங்கியபின் யோசித்தால், வீட்டுக்குள் இடமில்லாத பையன்கள்தான் மரத்தடியில் ஆடுகிறார்கள்.

இலங்கையில் பிள்ளைகளின் விளையாட்டு பாடசாலைக்குள் குடியிருக்கிறது. பயிற்றுநருக்குப் பணம் தருவது பல இடங்களில் பழைய மாணவர் சங்கம். சனவரியில் தவணை தொடங்கினால் மார்ச்சுக்குள் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள். பாடசாலைக்கு வெளியே ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம், பிரதேச செயலகத்தில் பதிவோடு. தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வது பழைய கதை. அங்கே பிள்ளை விளையாடும் இடம் மாநகராட்சித் திடல், அரசு விளையாட்டு விடுதி, காசு இருந்தால் அகாடமி. இந்த அமைப்பு வேறுபாடுதான் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் தீர்மானித்தது. நோய்க்கு அதில் பங்கு குறைவு என்பது என் எண்ணம்.

இலங்கையில் பாடசாலை திறந்தால்தான் மைதானம். 2020 நடுவில் சற்று மூச்சுவிட முடிந்தது. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி, 2021இல் சித்திரைப் புத்தாண்டு முடிந்து மூன்றாம் அலை, பின் ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி ஊரடங்கு. இடையில் கிடைத்த நாட்களைப் பரீட்சை எடுத்துக்கொண்டது. 2020 உயர்தரப் பரீட்சை ஒக்டோபருக்குப் போனது. அந்த ஆண்டின் சாதாரணதரம் 2021 மார்ச்சில் நடந்தது. 2021 உயர்தரம் 2022 பெப்ரவரியில். பரீட்சை நெருங்கும் வீட்டில் எந்தத் தாய் பிள்ளையை மாலையில் மைதானத்துக்கு விடுவாள்?

ஊர்க் கழகங்களோ வேறு வேலையில் இறங்கின. ஊரடங்கு நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் கழகப் பெடியள் உலர் உணவுப் பொதி கட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் வீரர்கள் காசு அனுப்பினார்கள். நாள்கூலி இல்லாத வீடுகளைத் தெரிந்து வைத்திருந்ததும் அவர்கள்தான். பந்து உருளவில்லை, ஆனால் கழகம் கலையவில்லை. இதைப் பெரிதாகவே மதிக்கிறேன். அதே நேரம், பத்து வயதுப் பிள்ளைக்கு இதனால் ஓடவும் எறியவும் வந்துவிடவில்லை. சிறு குழுவாக, தொடாமல், அரை மணி நேரம் ஓடவிடுவதற்கு ஒரு திட்டமும் பெரும்பாலான கழகங்களிடம் இருக்கவில்லை. எல்லாம், அல்லது ஒன்றுமில்லை என்றுதான் இருந்தோம்.

இந்தியா முந்தியது இங்கேதான். மத்திய அரசின் 2020 மே 17ஆம் திகதி உத்தரவே பார்வையாளர் இன்றி விளையாட்டரங்குகளைத் திறக்க அனுமதித்தது. நீச்சல் குளங்கள் வீரர்களின் பயிற்சிக்காக ஒக்டோபர் 15க்குப் பிறகு திறந்தன. இந்திய விளையாட்டு ஆணையம் சங்கங்களோடு சேர்ந்து இணையவழிப் பயிற்சி வகுப்புகளை நடத்தியது. கிரிக்கெட் வாரியம் மாநிலச் சங்கங்களுக்கு அனுப்பிய நடைமுறையில், 60 வயதைத் தாண்டிய பயிற்றுநர்கள் முகாமுக்கு வரக்கூடாது, வீரர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது. அகாடமிகளும் அதே வழியில் போயின. ஆபத்து உன்னுடையது என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்வது எனக்கு உவப்பானதல்ல. இலங்கையில் அந்தப் பொறுப்பை ஓர் அரச அலுவலர் சுமந்தார். அவர் 'வேண்டாம்' என்பதையே அடிக்கடி சொன்னார் என்பது வேறு விஷயம்.

கைப்பேசித் திரையில் நடந்த பயிற்சிக்கு மொட்டை மாடி வேண்டும், தரவு வேண்டும், வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு அதே நேரம் வகுப்பு இருக்கக்கூடாது. சென்னையில் வேளச்சேரி அடுக்குமாடிப் பிள்ளைக்கு இது சரி. வியாசர்பாடியில் தெருவிலும் திடலிலும் கால்பந்து கற்ற பிள்ளைக்கு? அவனுடைய திடல் அரசு ஆணைக்காகக் காத்திருந்தது. திருச்சியில் ஜி கார்னர் மைதானம் காய்கறிச் சந்தையானது. மும்பை வொர்லியில் தேசிய விளையாட்டுக் கழகத்தின் குவிமாட அரங்கம் நோயாளிக் கட்டில்களால் நிறைந்தது. அவசியமான மாற்றங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பொதுத் திடல் போனால் போனதுதான். அகாடமியில் கட்டணம் கட்டியவனுக்குக் கிரிக்கெட் வலைப்பயிற்சி இருந்தது.

இரு நாடும் சேர்ந்து சறுக்கிய இடம் வயதெல்லை. 19 வயதுக்குட்பட்டோர் என்ற கோடு நோயைப் பார்த்து நகராது. 87 ஆண்டுகளில் முதன்முறையாக 2020-21இல் இந்தியாவின் ரஞ்சிக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி நடக்கவில்லை. இளையோருக்கான கூச் பெஹார் கிண்ணமும் நடக்கவில்லை. ரஞ்சி வீரர்களுக்குப் பிறகு இழப்பீடாவது கிடைத்தது. பதினெட்டு வயதில் ஒரு பருவத்தை இழந்தவனுக்கு அந்தப் பருவம் திரும்பக் கிடைக்காது. போட்டி இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீடும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணித் தலைமைக்காக ஐந்தாறு ஆண்டு காத்திருந்தவன், போட்டியே ஆடாமல் பழைய மாணவன் ஆகிவிட்டான்.

மேலே மட்டும் பார்த்தால் ஒன்றும் கெடவில்லை என்றுகூடத் தோன்றும். 2021 டிசம்பர் 31இல் துபாயில் 19 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் மோதியவை இந்தியாவும் இலங்கையும்தான், இந்தியா வென்றது. தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளை வெளியார் தொடர்பில்லாத குமிழிக்குள் வைத்துக் காப்பாற்ற இரு வாரியங்களுக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பட்டியலுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒருவரும் குமிழி கட்டவில்லை.

இலங்கைக் கழக நிருவாகிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்கூட்டத்தில், யாப்போடு சேர்த்து ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: மைதானம் மூடப்பட்டால் எந்த வயதினரை எத்தனை பேர் கொண்ட குழுவாகப் பிரிப்பது, பி.எச்.ஐ.யிடம் அனுமதி கேட்கப் போவது யார், கைப்பேசி இல்லாத பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கும். ஒரு பருவம் முழுதாகப் போனால் வயதெல்லையை ஓராண்டு தளர்த்தும்படி சங்கங்களுக்கு இப்போதே கடிதம் எழுதுங்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் தங்கள் மாவட்டச் சங்கத்துக்கும் அதையே எழுதலாம்.